பதிவேட்டில் இல்லாத ரோஸுக்காக அம்மா வாதாடிய கதை

அம்மா மறைந்து ஓராண்டு நிறைவதையொட்டி இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே! அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகை வரவேண்டும். எனக்கு வருவதென்னவோ பரபரப்புத்தான். கடைசி ஐந்து ஆண்டுகளில் அம்மா எங்கள் வீட்டை அப்படி ஆக்கி வைத்துவிட்டார். விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயக் கிராமம் ஒன்றின் ஊர்ப்புதினம், ஊர்வம்பு முழுவதும் இலண்டன் சட்டனில் உள்ள எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் அம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

முறைப்படியே தொடங்குகிறேன். அம்மா வடமராட்சியில் ஆறு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். படிப்பில் வலு கெட்டிக்காரி. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் எழுதுவினைஞராகப் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினார். எந்தக் கோழிக்கிறுக்கலையும் தடங்கலின்றி வாசிப்பார். படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. நாட்டுப் பிரச்சினையில் வேலையை விட்டு அப்பாவுடனும் என்னுடனும் இலண்டன் வந்தார். இங்கே ஒரு சலவைக் கடையில் இருபது ஆண்டுகள் நின்ற நிலையில் உழைத்தார். அப்பா போனபிறகு தனி ஆளாக என்னைக் கரைசேர்த்தார். அந்த நாட்களில் அம்மா எப்போதும் களைத்தே இருந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி, அது கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கியிருக்கிறார். அங்கே ஒரு பழைய கிராமம், நடுவில் கல்லாலான ஒரு தேவாலயம். கதவில் ஓர் அறிவித்தல்: நூற்றிருபது ஆண்டுக்கு முந்திய கோயில் பதிவேடுகளைப் படியெடுக்கக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் தேவை. அம்மா நேரே உள்ளே போனார். அந்தக் கோயிலின் குருவானவர் ஒரு பெண்மணி. குருவம்மா என்றே நாங்கள் அவரைச் சொல்வோம். அவர் இருந்ததிலேயே மோசமான பக்கத்தை எடுத்து நீட்ட, அம்மா தினசரிப் பத்திரிகை வாசிப்பதுபோல் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

அன்று தொடங்கியது! செவ்வாயும் வெள்ளியும் அம்மாவை வீட்டில் பிடிக்க முடியாது. திரும்பி வந்தால் கைப்பையைக் கூட வைக்காமல் செய்தி வாசிப்பார். அறுவடைத் திருநாளுக்குக் கோயிலைப் பூசணிக்காயும் கோதுமைக் கதிருமாக அலங்கரித்திருந்தார்களாம், அன்றைக்கென்று மழை கொட்டியதாம். மணியடிப்பவர்கள் மணிக்கோபுரத்துக்குள் பியர் வைத்துக் குடித்து அகப்பட்டார்களாம். பாட்டுக்காரருக்கும் புதிதாக வந்த ஆர்மோனியக்காரிக்கும் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லையாம். "கோயில் எண்டால் எங்கையும் ஒரே கூத்துத்தான் பிள்ளை. எங்கடை திருவிழாச் சபையை அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்து வைச்ச மாதிரி இருக்கு!" என்று அம்மா கையைத் தட்டிச் சிரிப்பார்.

அவர்களில் அம்மாவுக்கு மிகவும் நெருக்கமானவள் ஹன்னா. பண்ணைக் கூலியாளின் மனைவி. வீட்டுக்கு வீடு துணி வெளுத்துப் பிழைத்தவள். "அவளும் வெளுத்தவள், நானும் வெளுத்தனான்" என்பார். ஒரு மாலை இல்ஃபோர்டில் இருக்கும் மாமா, அதாவது அம்மாவின் கடைசித் தம்பி, தொலைபேசியில் அழைத்தபோது அம்மாவின் குரல் கம்மியிருந்தது. "தம்பி, என்னாலை கதைக்க ஏலாது. ஹன்னாவின்ர ரெண்டு பெடியங்களும் ஒரே கிழமையிலை செத்துப் போட்டுதுகள். தொண்டை அடைப்பான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாமா விடுவாரா! அக்காவுக்கு இவ்வளவு வேண்டிய குடும்பத்தில் இரட்டைச் செத்தவீடு. அடுத்த நாள் மத்தியானம் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, மாமியையும் கூட்டிக்கொண்டு, இடியப்பமும் சொதியும் ஒரு பெரிய பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். செத்தவீட்டில் அடுப்பு எரியாது அல்லவா?

"அக்கா, எங்கை செத்தவீடு? தகப்பன் என்ன மாதிரி இருக்கிறார்?"

"ஆரின்ர தகப்பன்?"

"அந்தப் பெடியங்களின்ர."

"அவர் செத்து நூறு வருசத்துக்கு மேலையடா தம்பி!"

அந்த இடியப்பத்தை நாங்கள்தான் சாப்பிட்டோம். மாமா மட்டும் சாப்பிட்டு முடியும் வரை அம்மாவுடன் கதைக்கவில்லை.

இனித்தான் முக்கியமான விஷயம். அந்தக் காலத்துக் குருவானவரின் நாட்குறிப்பில், ஒரு ஞாயிறு, ஹன்னா கோயிலுக்கு வந்து நன்றி வழிபாடு செய்தாள் என்று ஒரு வரி இருந்தது. பிள்ளை பெற்ற தாய் ஒரு மாதம் கழித்து அப்படி வந்து போனபிறகுதான் அயல்வீடுகளில் கால் வைக்கலாம் என்பது அவர்களுடைய வழக்கம். மற்றவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள். அம்மா தாண்டவில்லை.

"எங்கடை முப்பத்தொண்டாம் நாள் மாதிரித்தான் பிள்ளை, தீட்டுத் துடக்குக் கழிச்சிருக்கிறாள். அப்ப ஒரு பிள்ளை பிறந்திருக்கு. ஞானஸ்நானப் பதிவிலை காணேல்லை, அடக்கப் பதிவிலையும் காணேல்லை. அப்ப பிள்ளை எங்கை?"

தேடினார். அரசாங்கப் பிறப்புப் பதிவை எடுப்பித்தால் அதில் "பெண்" என்று மட்டும் இருந்தது. பெயர்க் கட்டத்தில் வெறும் கோடு. குழி வெட்டுபவரின் சிறு கொப்பியில், ஹன்னாவின் கைக்குழந்தையை வடக்கு மதிலோரம் வழிபாடு இல்லாமல் புதைத்ததாக ஒரு குறிப்பு. ஞானஸ்நானம் கொடுக்குமுன் இறந்த குழந்தைக்கு வழிபாடும் இல்லை, பதிவேட்டில் இடமும் இல்லை. பெயர் மட்டும் அகப்படவில்லை. எட்டு மாதம் கழித்து, நான் அலுவலகத்தில் கூட்டமொன்றில் இருந்தபோது விடாமல் தொலைபேசி அடித்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"பேர் கிடைச்சிட்டுது பிள்ளை! ரோஸ்! ரோஸ்!"

ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் குறிப்பேட்டில் கண்டெடுத்திருக்கிறார். ஹன்னாவின் மூத்த மகள் இன்றும் வரவில்லை, தாய் வெளுக்கப் போனதால் குழந்தை ரோஸைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கிறாள் என்று வாத்தியார் எழுதியிருந்தார். நானும் கூட்டத்தை மறந்து கத்திவிட்டேன்.

படியெடுக்கும் வேலை முடிவதையொட்டி, அந்த ஆண்டு நவம்பர் முதல் ஞாயிறன்று இறந்தோர் நினைவு வழிபாட்டில் பதிவேட்டிலுள்ள பெயர்கள் எல்லாவற்றையும் வாசிப்பதாக ஏற்பாடு. ரோஸின் பெயரும் வாசிக்கப்படவேண்டும் என்று அம்மா கேட்டார். கோயில் முகாமையாளரான முதியவர் மறுத்தார். நல்ல மனிதர், ஆனால் சட்டம் சட்டம்தான். பதிவேட்டில் இல்லாத ஒரு பெயரைச் சேர்த்தால் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு பெயருடன் வருவார்கள் என்றார். பதினான்கு ஆண்டுகள் கச்சேரியில் இருந்த அம்மாவிடமா சட்டம்? நாட்குறிப்பு, குழிவெட்டுபவரின் கொப்பி, பள்ளிக் குறிப்பேடு மூன்றையும் திகதி வாரியாக அடுக்கி மேசையில் வைத்தார். "தண்ணி தெளிக்க ஆக்கள் பிந்தினதுக்குப் பிள்ளையே பொறுப்பு?" என்று வீட்டில் என்னிடம் கொதித்தார். கோயில் நிர்வாக சபை முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

ஒக்டோபரில் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தார். நாட்கள் அதிகம் இல்லை என்று வைத்தியர் மெல்லச் சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, நவம்பர் முதல் கிழமை வரையாவது தாங்குமா என்பதுதான். படுக்கையிலிருந்தே சபைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். மூன்றாம் நாள் குருவம்மாவும் முகாமையாளரும் ஒன்றாக வந்து கட்டில் அருகே நின்றார்கள். ரோஸின் பெயரை வாசிப்போம் என்றார் குருவம்மா. அம்மாவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

முகாமையாளருக்கு ஒரு மனக்குறை இருந்தது. பெயர் வாசிக்கும்போது அவரவர் சந்ததியினர் எழுந்து நிற்பது ஒழுங்கு. ஹன்னாவின் வழியில் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. குழந்தைக்காக ஒருவரும் எழும்பாமல் போனால் பார்க்க வருத்தமாக இருக்குமே என்றார். இதை நான் மாமாவிடம் சொன்னதோடு சரி. ஞாயிறன்று அந்தச் சின்னக் கோயிலில் இல்ஃபோர்டில் இருந்தும் வெஸ்ட் ஈலிங்கில் இருந்தும் வந்த எங்கள் சொந்தம் பதினேழு பேர் இரண்டு நீண்ட வாங்குகளை நிரப்பி உட்கார்ந்திருந்தோம்.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அங்கே ஒருவர், இங்கே இருவர் எழுந்தார்கள். ஹன்னாவின் இரண்டு மகன்மாரின் பெயர்கள் வந்தன. அடுத்து குருவம்மா நிமிர்ந்து, "ரோஸ்" என்றார். முதலில் எழும்பியது மாமா. பிறகு நாங்கள் எல்லோரும். சேலைகளின் சரசரப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகாமையாளர் கைக்குட்டையை எடுத்தார். 

வழிபாடு முடிந்ததும் முகாமையாளர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். எழுந்து நின்றவர்கள் பெயரையும், இறந்தவருக்கு என்ன உறவு என்பதையும் எழுதவேண்டும். நான் வெளியே போய் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஆர் எழும்பினது?" அதுதான் முதல் கேள்வி.

"எல்லாரும் அம்மா. பதினேழு பேரும்."

அம்மா அதைப் பக்கத்தில் நின்ற தாதிக்கு ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது.

"உறவு எழுதக் கேக்கினம். என்ன எழுத?"

"கட்டத்தை வெறுமையா விட்டிடாதை பிள்ளை. அயல் எண்டு எழுது. பக்கத்து வீடு மாதிரித்தானே."

அதற்கு ஒன்பதாம் நாள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்தார்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த உறவுகளுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், நேரிலும் தொலைபேசியிலும் துயரில் பங்குகொண்ட ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கிராமத்தில் இருந்தும் ஏழு பேர் கறுப்புக் கோட்டுடன் அம்மாவின் இறுதிக் கிரியைக்கு வந்திருந்தார்கள். எங்கள் முறை தெரியாமல் கடைசி வரிசையில் ஒதுங்கி இருந்தார்கள். அவர்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? வாய்க்கரிசி போட உரித்துக்காரரை ஐயா கூப்பிட்டபோது, மாமா வரிசையை விட்டு விலகிப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அயல் எல்லே, ஏன் அவை பின்னுக்கு இருக்கினம்? முன்னுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.