போறணைக்கு மேலே காய்ந்த கோப்பி

ஞானசேகரம் அண்ணர் போய்விட்டார் என்ற தந்தி, இரத்தினபுரியில் நான் தங்கியிருக்கும் அறைக்கு வந்தது. பதறிப்போய் யாழ்ப்பாணத்துக்கு டெலிபோன் எடுத்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் எழும்பவில்லையாம். அவரை அறிந்த உங்களில் யார் இதை நம்புவீர்கள்? பகலில் அந்த மனிதர் சாய்ந்து நான் கண்டதே இல்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே கணக்குப் பார்ப்பார். கண்ணயர்ந்த நேரம் பார்த்துத்தான் யமனாலும் அவரைப் பிடிக்க முடிந்திருக்கிறது.

நாங்கள் இருவரும் கொழும்பில் ஓர் ஏற்றுமதிக் கொம்பனிக்குக் கோப்பி ஆலோசகர்கள். தேயிலையும் ரப்பரும் ஆளுகிற கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களுக்குப் போய், நல்ல கோப்பி உண்டாக்குவது எப்படி என்று சொல்வதும், உண்டானதை ருசி பார்ப்பதும் எங்கள் வேலை. அவர் எனக்குச் சில வருடங்கள் மூத்தவர். எனக்கு உட்கார இடம் கிடைத்தால் போதும், அவருக்கோ எழும்ப ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும். தெஹியோவிட்ட பஸ்ஸில் வசதியாக ஜன்னலோரம் இருப்பேன். திடீரென்று மணியை அடித்து, "ஐசே, இறங்கும். அந்த மரம் வாடிக் கிடக்கு" என்பார். மரத்தைப் பார்த்து முடிவதற்குள் பஸ் போய்விடும். பிறகு மழையில் நடைதான். வாய்க்குள் அவரை எத்தனை தரம் திட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ருசி பார்க்கிறவர்கள் கோப்பியை விழுங்குவதில்லை, உறிஞ்சிவிட்டுத் துப்புவார்கள். அவர் துப்பிய உடனே ஒன்றும் சொல்லமாட்டார், முற்றத்தில் மேலும் கீழும் நடப்பார். அவசரப்படுத்தினால், "வாயிலை வைச்சதைத் துப்பலாம், ஐசே. சொன்னதைத் திரும்ப விழுங்கேலாது" என்பார்.

அவர் சொன்ன சொல்லை நம்பித்தான் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் லயங்களில் குடியிருக்கும் தொழிலாளிப் பெண்கள் ஓடையோரம் கோப்பி வைத்தார்கள். தங்களுக்கென்று அவர்கள் வைத்த ஒரே பயிர் அது. தோட்டத்தை நடத்தும் துரை அரைமனதோடுதான் இடம் கொடுத்திருந்தார். முதல் அறுவடையைக் கொம்பனி எடுக்காவிட்டால் மரங்களைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நடுவேன் என்று முன்பே சொல்லிவிட்டார். அந்தப் பெண்களுக்கெல்லாம் முன்னுக்கு நின்றவள் லெட்சுமி, ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி.

அந்த அறுவடையை ருசி பார்க்கக் கொழும்பிலிருந்து கொம்பனி அதிகாரி வந்தார். துரையின் கந்தோர் விறாந்தையில், அவரும் லெட்சுமியும் பார்த்திருக்க, கோப்பி ஊற்றி வைத்தோம். அதிகாரி ஒரு வாய் உறிஞ்சினார். துப்பிய வேகத்தில் அவருடைய கழுத்துப் பட்டியிலும் தெறித்தது. நானும் உறிஞ்சினேன். டயர் எரிந்த மணம்.

"மழை விடவே இல்லைங்க, கொட்டையெல்லாம் பூஞ்சணம் புடிக்கப் பாத்துச்சு. அதான் ரப்பர் ஷீட்டு காயிற புகைக்கூடத்துல, மேல் தட்டுல பரப்பி வச்சோம். நல்லா மொறுமொறுன்னு காஞ்சிச்சுங்களே?" என்றாள் லெட்சுமி. அவள் குரலில் பெருமை இருந்தது. எனக்கு அங்கே நிற்கவே பொறுக்கவில்லை.

அண்ணர் முற்றத்து மழையில் இரண்டு தரம் போய் வந்தார். "பிள்ளை, நீங்கள் ஆராவது இதைக் குடிச்சுப் பாத்தனீங்களோ?"

"நாங்க தேத்தண்ணி குடிக்கிற ஆளுங்க. கோப்பி பழக்கமில்லீங்க."

அவர் தன் கோப்பையை அவளிடம் நீட்டினார். குடித்தவள் முகத்தைச் சுளித்தாள். "அய்யோ, ஷீட்டு நாத்தமுங்க!"

அவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "பிழை என்ரை. வெயில் இல்லாத ஊரிலை வெயிலிலை காயவையுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனன். கோப்பி எண்டால் என்ன எண்டு இவைக்கு நான் காட்டவும் இல்லை. மரத்திலை இன்னும் பழம் கிடக்கு. அது காய்ஞ்ச பிறகு ஒருக்கா வாங்கோ." அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். துரையும் அதுவரை பொறுப்பதாகச் சொன்னார்.

அதன்பிறகு அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! சூடான இடம் தேடி ஊரெல்லாம் அலைந்தார், என்னையும் இழுத்துக்கொண்டு. பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், "கோப்பி வாசம் தேயிலைத் தூள்ல ஏறிச்சுன்னா என் வேலை போயிடுமுங்க" என்று அங்கே பொறுப்பாக இருந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்து, பாண் போடும் போறணைக்கு மேலே இருந்த பரணைக் காட்டினார். முதலாளி சிங்களவர். அண்ணர் நீட்டிய கொட்டையை மோந்து பார்த்தார்.

"ரப்பர் நாத்தம் இல்லைதானே, மாத்தயா? கோப்பி வாசம் எண்டா பாணுக்கும் நல்லம். ஹரி ஹரி, சரி, கொண்டு வாங்க."

கழுவிய கொட்டையைப் பெண்கள் மலையிலிருந்து தலைச்சுமையாக இறக்கினார்கள். அண்ணர் பரணில் ஏறிக் கொட்டையைக் கிளறுவார், இறங்குவார், பொறுக்காமல் மறுபடியும் ஏறுவார். முதலாளியே, "மாத்தயா, கொஞ்சம் இருங்க, எனக்குத் தலை சுத்துது" என்றார்.

அதிகாரி மறுபடியும் வந்த நாளில், முதல் கோப்பையை அண்ணர் அவருக்குக் கொடுக்கவில்லை, லெட்சுமிக்குக் கொடுத்தார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் துப்பாமல் விழுங்கினாள்.

"கசக்குதுங்க. ஆனா ஷீட்டு நாத்தம் இல்லீங்க. அவருக்கும் குடுங்க."

அதிகாரி உறிஞ்சினார், யோசித்தார், இன்னொரு தரம் உறிஞ்சினார். "அனுப்புங்கள்" என்றார். பெண்கள் அழுதார்கள். நன்றி சொல்ல அண்ணரைத் தேடினால் ஆளில்லை. அரநாயக்கப் பஸ்ஸைப் பிடிக்க அரை மைல் கீழே போய்விட்டிருந்தார்.

போன கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போய் லெட்சுமியிடம் செய்தியைச் சொன்னேன். அவள் ஓடையோரம் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மேலே கொப்புகளைப் பார்த்துக் கேட்டாள்: "காய் பழுக்குதுங்க. அய்யாவும் இல்ல. இனி நமக்காகப் பேச யாருங்க வருவா?"

"நான் வாறன்" என்று சொல்லிவிட்டேன். அவருடைய நாக்கு எனக்கு இல்லை. அவர் கால்களும் இல்லை. தெரிந்தும் சொன்னேன். அன்றிலிருந்து உட்கார்ந்த இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை இரைந்தால் எழும்பி வாசலுக்குப் போய் நிற்கிறேன். அண்ணர் எனக்கு விட்டுப்போனது இதைத்தான்.