பச்சையாகவே நின்ற வரிசை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "சங்கரன்கோவில்காரிக்கு வறட்சியைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்" என்று பேராசிரியையிடமே சொல்லிவிட்டு வந்தவள் நான். ஒரே இன பைன் மரம். விதை மட்டும் வடக்கே இரண்டு இடத்திலிருந்து. ஒன்று மழை மலை, இன்னொன்று காய்ந்த சரிவு. தண்ணீரில்லாமல் எந்த ஊர் நாற்று தாங்கும் என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. காய்ந்த சரிவின் மரங்கள் காட்டுத்தீயில் மொத்தமாகப் போய்விட்டன. அந்த வம்சத்தில் மிச்சம், எங்கள் கொல்லையில் பாலிதீன் கூரைக்குக் கீழே நின்ற ஒரு வரிசைதான்.

எதிர்ப் பக்கம் மழை மலை நாற்று வரிசை. இரண்டுக்கும் தண்ணீரை நிறுத்தினேன். மூன்றே வாரத்தில் காய்ந்த சரிவு வரிசை இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாகிவிட்டது. மழை மலை வரிசையோ அப்படியே பச்சை. எங்கள் ஊரில் பச்சை என்றால் உயிர், கருகினால் போச்சு. இதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்?

ஆனால் அந்தப் பச்சை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேற்கிலிருந்து மேகாத்து அடிக்கும்போது இலைகள் காகிதம் மாதிரி சரசரக்கும். மத்தியானத்தில் அந்தப் பக்கம் போனால் எனக்கே முதுகு சில்லென்றாகும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா கிட்டேயே போக மாட்டாள்.

"ஏட்டி, கண்ணத் தொறந்துக்கிட்டே செத்தது மாதிரில்லா நிக்கி!"

"சும்மா கெடங்க" என்றேன். மறுநாள் பேராசிரியை பார்க்க வருவதாக இருந்தது. கருகியதையெல்லாம் பிடுங்கிப் போட அக்காவிடம் சொன்னேன்.

காலையில் குளித்து முடித்து, காட்டுவதற்காகப் பச்சை நாற்று ஒன்றைத் தொட்டுத் தூக்கினேன். கையோடு வந்துவிட்டது. வேர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும். எத்தனை நாளாகப் பிணங்களுக்கு முன்னால் உட்கார்ந்து 'உயிரோடு உள்ளது' என்று எழுதியிருக்கிறேன்! மூலையில் அக்கா பிடுங்க மறந்த குச்சி ஒன்று நின்றது. நகத்தால் கீறினேன். உள்ளே ஈரப் பச்சை. அடித்தண்டில் கடுகளவு துளிர். பிழைக்கத்தான் இலையை உதிர்த்திருக்கின்றன, பாவிகள்.

நேற்றுச் சாயங்காலம்தானே பிடுங்கியது, திரும்ப நட்டுவிடலாம் என்று ஓடினேன்.

"யக்கா, அந்தக் குச்சியெல்லாம் எங்க?"

"காலைல ஒனக்கு வெந்நி போட்டது அதுலதானட்டி. வெறகுன்னா வெறகு, என்னா வாசம்!"

என் தலைமுடியில் ஈரம் இன்னும் காயவில்லை.