அண்டாக் கூலி

காரைக்குடியில் ஊற்றுக்குப் போகும் பாதையில் எனக்கு ஒரு சோடாக் கடை இருந்தது. வெயில் காலத்தில் சோடாக்காரனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் வாய் பேசுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைக்கிற குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. அதை மறைப்பதும் இல்லை. மலையம்மாளைப் பற்றி இந்த ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாதி பொய். அவள் என் கடை வாசலில் குடத்தை இறக்கி வைத்து இளைப்பாறிய நாளெல்லாம் கேட்டுக் கொண்டிருந்தவன் நான். ஆகையால் நான் சொல்வதுதான் சரி.

அவள் தொழில் தண்ணீர் சுமப்பது. பெரிய வீடுகளில் கிணறு உண்டு. ஆனால் சமையலுக்கும் குடிப்பதற்கும் ஊற்றுத் தண்ணீர்தான் ஆகவேண்டும். அதைச் சுமப்பதற்கென்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். குடத்துக்கு இவ்வளவு என்று கூலி. குடம் அந்தந்த வீட்டாருடையது. வெளிக்குடம் பெரிய வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது.

மலையம்மாள் எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பாள். சோடாப் பாட்டிலில் கோலி ஏன் மேலேயே நிற்கிறது என்றாள் ஒருநாள். உள்ளே இருக்கிற காற்று தள்ளுகிறது என்றேன். "அம்புட்டுச் சக்தியா காத்துக்கு? அப்ப அதை வச்சு ஒரு குடத்தைத் தூக்கச் சொல்லுங்கண்ணே" என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. சோடா வாங்காமல் கேள்வி கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். ஆனால் அவள் போன பிறகு நானும் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

அவள் புருஷன் ரங்கூனுக்கு அரிசி மில் வேலைக்குப் போனவன். கொஞ்ச காலம் பணம் அனுப்பினான். அப்புறம் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். மலையம்மாள் ஒரு வாரம் அழுதாள். பிறகு அவன் அனுப்பியதில் மிச்சம் இருந்ததை எடுத்து, அப்பன் விட்டுப் போன குடிசையின் கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போட்டாள். இனி மழைக்கு முன்னால் கூரை வேய ஒரு ஆம்பிளையைத் தேட வேண்டாம் என்பது அவள் கணக்கு. ஓட்டு வீடு ஆனதும் நகரசபை வரி போட்டது. அந்தக் காலத்தில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு; வரி கட்டினதும் நகரசபைத் தேர்தலில் அவளுக்கும் ஓட்டு வந்துவிட்டது. தண்ணீர் சுமக்கும் பெண்களில் ஓட்டு உள்ளவள் அவள் ஒருத்திதான்.

"புருசன் போனான், ஓடு வந்துச்சு. ஓடு வந்துச்சு, ஓட்டு வந்துச்சு. இன்னும் என்ன வரும்னு தெரியலையே" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருஷம் தை மாதம் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கூலி கூட்டிக் கேட்டார்கள். வீடுகளில் முணுமுணுத்துவிட்டுக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். எனக்கும் சந்தோஷம்; ஆளுக்கொரு சோடா குடிப்பார்கள் என்று நினைத்தேன். மாசி பிறந்தபோது மலையம்மாள் என் கடை முன்னால் ஒரு புதுக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தைத் தடவிக் கொண்டாள். அவள் தண்ணீர் ஊற்றும் உடையப்ப செட்டியார் வீட்டுக் குடம் அது. பளபளவென்று, பழைய குடத்தைவிட ஒன்றரைப் பங்கு வயிறு பெருத்து இருந்தது.

"அண்ணே, கூலி ஏறியிருக்கு. ஆனா முந்தானைக் காசு முடிச்சு இளைச்சிருக்கு. அது எப்படி?" என்றாள்.

அப்புறம் அவளே சொன்னாள். அந்த வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் ஒரு பெரிய அண்டா இருக்கிறது. தினம் அது நிரம்பும்வரை ஊற்ற வேண்டும். புதுக் குடம் வந்தபின் நடை குறைந்துவிட்டது. குடத்துக்குக் கூலி என்பதால், குடம் பெருத்தால் கூலி சுருங்குகிறது. கழுத்துக்குப் பாரம் மட்டும் கூடுகிறது.

கூட இருந்த சோலையம்மாள் கொதித்துப் போனாள். மலையம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி அவள். அதே வீட்டுக்குத்தான் அவளும் தண்ணீர் சுமந்தாள். "அந்த ஆச்சி பெரிய எமகாதகி. ஒரு கையால குடுத்து மறு கையால புடுங்குறா" என்றாள். எனக்கும் ஆத்திரம்தான். செட்டியாரின் சம்சாரம் நாச்சியம்மை ஆச்சி கணக்கில் புலி என்பது ஊரறிந்த விஷயம். மலையம்மாள் மட்டும், "வேணும்னுதான் செஞ்சாகளா? கேட்டுப் பாத்தாத்தானே தெரியும்" என்று குடத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

அவள் கேட்பதற்குள் தேர்தல் வந்துவிட்டது. உடையப்ப செட்டியாரே எங்கள் வார்டில் நின்றார். எதிர்த்து நின்றவர் அருள்பிரகாசம். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். தெருவுக்குத் தெரு தண்ணீர்க் குழாய் போடுவேன் என்பதுதான் அவர் பேச்சு. குழாய் வந்தால் ஊற்றுத் தண்ணீரின் ருசி போய்விடும், வரியும் ஏறும் என்பது செட்டியார் பேச்சு.

செட்டியார் ஓட்டுக் கேட்டு மலையம்மாள் வீட்டு வாசலுக்கே வந்தார். அவரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் அவள் உரலைக் கவிழ்த்துத் துடைத்துப் போட்டாளாம். அவர் நின்றுகொண்டே கை கூப்பினார். வீட்டில் தினமும் பார்க்கிற மனிதர் அன்றுதான் அவளை முதல்தடவை பார்த்தது போலப் பார்த்தார் என்றாள்.

"அய்யா, அரிசி அளக்கிற படிக்கு சர்க்கார் முத்திரை இருக்கு. குடத்துக்கு எதுக்கு இல்ல?" என்று கேட்டிருக்கிறாள்.

செட்டியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "குடமா? அதெல்லாம் ஆச்சியக் கேளு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அருள்பிரகாசம் வந்தார். அவரிடமும் அவள் விடவில்லை. இந்தப் பேச்சு என் கடை முன்னாலேயே நடந்தது.

"குழாயில தண்ணி எப்படி வரும் சார்?"

"உயரத்துல தொட்டி கட்டுவாக. அங்கேருந்து இறங்கி வரும்."

"அந்தத் தொட்டிக்கு யாரு சுமக்கிறது?"

"எஞ்சின் ஏத்தும்மா."

"அதுக்கு என்ன கூலி?"

"எண்ணெய்."

"குடம் பெருசானா அது என்ன செய்யும்?" என்று கேட்டாள். அவருக்குச் சிரிப்பதா விளக்குவதா என்று தெரியவில்லை. ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

சோலையம்மாளும் மற்றப் பெண்களும் அன்று சாயங்காலமே அவளைப் பிடித்துக் கொண்டார்கள். "குழாய் வந்தா நம்ம பொழப்புல மண்ணு. நம்ம எல்லாருக்கும் சேத்து ஒரே ஓட்டு, அது ஒங்கிட்ட இருக்கு. செட்டியாருக்குப் போடு" என்றாள் சோலையம்மாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. அவள் வீட்டில் நாலு வாய் அந்தக் குடத்தை நம்பி இருந்தது. மலையம்மாள், "சரி, தெரியும்" என்றாளே தவிர மேலே பேசவில்லை.

அடுத்த நாள்தான் ஆச்சியிடம் கேட்டாள். நாச்சியம்மை ஆச்சி வளவு முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய் ஆய்ந்து கொண்டிருந்தாள்.

"ஆச்சி, கூலியக் கூட்டிட்டுக் குடத்தையும் கூட்டிட்டீகளே. இது நாயமா?"

ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள். "நான் கூட்டலடி. குடம் சீர்ல வந்தது. மருமக கொண்டுவந்த சாமான். அவ அப்பன் ஊருக்கே பெருசா இருக்கணும்னு சொல்லி வார்த்திருக்காரு. அதைப் பரண்ல போட்டுட்டுப் பழசைப் புழங்கினா சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாக?"

மலையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். ஒரு மாதமாகப் பன்னிரண்டு பெண்கள் வாயில் போட்டு மென்ற சூழ்ச்சி, ஒரு கல்யாணப் பெருமையில் முடிந்தது. ஆனாலும் சிரித்துவிட்டு, "பெருமை அவுகளுக்கு, கழுத்து வலி எனக்கா ஆச்சி?" என்று கேட்டாள்.

ஆச்சிக்குச் சுருக்கென்றது. மிளகாய்க் காம்பைக் கிள்ளியபடியே யோசித்தாள். அவள் கணக்கு மூளை அந்தப் பெண்கள் நினைத்தது போல ஏமாற்றுகிற மூளை இல்லை. நேராகப் போகிற மூளை. கொஞ்ச நேரம் கழித்து, "குடம் வரும் போகும். அண்டா அங்கேயேதான் இருக்கு. இனிமே குடத்துக்குக் கூலி இல்ல. அண்டா நிரம்பினா இவ்வளவு. பழைய குடத்துக்கு எத்தனை நடையோ அந்தக் கூலி, ஏத்தினதையும் சேத்து. சின்னக் குடத்துல ஊத்து, பெரிய குடத்துல ஊத்து, அது ஒன் இஷ்டம்" என்றாள். அப்புறம் தலையைத் தூக்காமலே, "அய்யா தேர்தல்ல நிக்கிறாக, தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியும் ஆச்சி."

அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. மற்ற வீடுகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று அண்டாக் கூலிக்கு வந்தன.

தேர்தல் அன்று மலையம்மாள் மஞ்சள் தேய்த்துக் குளித்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு போனாள். அப்போதெல்லாம் ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி; செட்டியாருக்குப் பச்சைப் பெட்டி, அருள்பிரகாசத்துக்குச் சிவப்புப் பெட்டி. திரும்பி வரும்போது கூப்பிட்டு, காசில்லாமலே ஒரு சோடா உடைத்துக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் சும்மா கொடுத்த சோடாக்கள் கொஞ்சம்தான். "பச்சையா, சிவப்பா?" என்றேன். சோடாவைக் குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, "நல்லாயிருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அருள்பிரகாசம் ஜெயித்தார். ஒரு ஓட்டில் இல்லை, நல்ல வித்தியாசத்தில். யார் போட்டது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மறுநாள் மலையம்மாளும் சோலையம்மாளும் அண்டாவில் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தபோது ஆச்சி வந்து நின்றாள்.

"மலையம்மா, யாருக்குப் போட்ட?"

"குழாய்க்குப் போட்டேன் ஆச்சி."

சோலையம்மாள் கையிலிருந்த குடத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டாள். ஆச்சியின் முகம் கறுத்துவிட்டது. "அண்டாக் கூலி ஆக்கிக் குடுத்தேனே. அதையும் வாங்கிக்கிட்டு?"

"அது நாயம்னு குடுத்தீக. ஓட்டுக்குக் குடுத்தீகன்னா சொல்லுங்க, இன்னைக்கே திருப்பித் தாரேன்."

அதற்குள் சோலையம்மாள் கத்தினாள்: "ஏண்டி, எங்க வயித்துல அடிச்ச? ஒனக்கு அந்தக் குழாய் என்னத்தடி குடுக்கப் போகுது?"

மலையம்மாள் தன் குடத்தை அண்டாவில் கவிழ்த்து முடித்தாளாம். பிறகு சொன்னாள்: "தப்புத்தான் அக்கா. செட்டியாருக்குப் போடணும்னுதான் போனேன். பெட்டி கிட்டப் போனதும் மனசு கேக்கல. எட்டு வயசுலேருந்து சுமக்கிறேன். நான் நடந்தாத்தான் தண்ணி நடக்கும். அது தானா நடந்து வர்றதை ஒரு தடவை கண்ணால பாக்கணும்னு ஆசையாப் போச்சு."

இதை என்னிடம் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. கோலியைத் துடைக்கிறது போல முகத்தைத் திருப்பிக் கொண்டேன்.

அன்றோடு சோலையம்மாள் அவளோடு பேச்சை நிறுத்தினாள். ஒரே பாதை, ஒரே ஊற்று, ஒரே அண்டா. முன்னும் பின்னுமாக நடப்பார்கள், ஒரு வார்த்தை இருக்காது. மற்றப் பெண்கள் கொஞ்ச நாளில் சமாதானமாகிவிட்டார்கள். சோலையம்மாள் ஆகவில்லை. மலையம்மாள் அதற்கு வருத்தப்பட்டது போலப் புருஷனுக்குக் கூட வருத்தப்படவில்லை. ஆச்சியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் அண்டாக் கூலி மட்டும் ஒரு மாதம் கூடத் தவறவில்லை.

குழாய் உடனே வந்துவிடவில்லை. நகரசபைக் காரியம் எப்போது உடனே நடந்திருக்கிறது? மேட்டில் தொட்டி கட்டினார்கள், நிறுத்தினார்கள், மறுபடி கட்டினார்கள். அருள்பிரகாசம் என் கடைப் பக்கமே வராமல் சுற்றிப் போன வருஷங்கள் உண்டு. கடைசியில் குழாய் வந்தபோது வீட்டுக்குள் வரவில்லை. தெரு முனைவரைதான் வந்தது. அங்கே ஒரு இரும்புத் தூண், அதில் ஒரு திருகு. வீட்டுக்குள் தண்ணீர் போக வேண்டுமானால் இன்னமும் யாராவது சுமந்துதான் ஆகவேண்டும். பிழைப்பு போகவில்லை. ஊற்றுக்குப் போகிற நடைதான் போயிற்று. ருசி ருசி என்றவர்களும் பின்னால் ஒரு மாதத்தில் பழகிக் கொண்டார்கள்.

குழாய் திறக்கிற அன்று காலையிலேயே வந்தது வினை. செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளை பெண்களை நிறுத்தி வைத்தார். "ஊத்துல இருந்து சுமந்தப்ப பேசின கூலி. இப்பத் தெரு முனையில இருந்துதானே? நாலில் ஒண்ணு போதும்" என்றார். சோலையம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. இதைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன் என்பது போல மலையம்மாளைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து ஆச்சி வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது அப்போது.

"ஏன் பிள்ளை, அண்டா சின்னதாயிருச்சா?"

"இல்ல ஆச்சி."

"அப்பக் கூலி எதுக்குச் சின்னதாகணும்? அண்டா நிரம்பினா இவ்வளவுன்னு நான் பேசியிருக்கேன். வழியப் பத்திப் பேசலையே." மலையம்மாள் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இது இப்படி முடியும் என்று உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று மலையம்மாளிடம் நான் பல தடவை கேட்டிருக்கிறேன். "எனக்கு என்னண்ணே தெரியும்?" என்பாள். எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நானும் தெரு முனைக்குப் போனேன். பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் மலையம்மாள். திருகைத் திருப்பினாள், தண்ணீர் வந்தது. மூடினாள், நின்றது. மறுபடி திருப்பினாள். சீர்க் குடம் நிரம்பி வழிந்து கால் நனைந்தது. அவள் அதைக் கவனிக்காமல் தண்ணீர் வருகிற இடத்தையே பார்த்துக் கொண்டு நின்றாள்.

பின்னால் நின்ற சோலையம்மாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு முன்னால் வந்து, அத்தனை வருஷத்துக்கு அப்புறம், அவள் தோளில் கை வைத்தாள்.

"பாத்தது போதும்டி. குடம் வழியுது, தூக்கு" என்றாள்.