ஞானேந்திரன் சிரித்த ஒரே தடவை

ஞானேந்திரன் காலமான செய்தியைத் தமிழ் வானொலியில் வாசித்தவன் கிளமெண்ட். வாசித்து முடித்து வெளியே வந்ததும் அவன் மனதில் எழுந்த முதல் கேள்வி, கூட நடிக்கும் விஷாலினி இதைக் கேட்டு எவ்வளவு அழுதிருப்பாள் என்பதுதான். தன்னைவிட அதிகமாக அழுதிருக்கக் கூடாது என்று நினைத்தான்.

ஞானேந்திரன் யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கியல் படிக்க லண்டன் போனவர். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பிரிட்டிஷ் வானொலியின் நகைச்சுவைப் பகுதியில் ஒலிநாடா வெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தார். மெல்ல மெல்ல உயர்ந்து தயாரிப்பாளரானார். பிறகு சில காலம் தொலைக்காட்சி. அங்கே பார்வையாளர்களைப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்குவார்களாம். இவர் வாசலிலேயே நின்று இருமுகிறவர்களைக் கவனித்து வைத்து, மைக்குக்கு எட்டாத இடமாகப் பார்த்து உட்காரவைப்பாராம்.

மகளோடு இருக்கலாம் என்று மனைவி அருள்நாயகியுடன் மெல்பனுக்கு வந்து ரோவில் புறநகரில் குடியேறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இங்கே தமிழ் வானொலிக்கு ஞாயிறுதோறும் அரைமணி நேர நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்தார். மண்டபத்தில் சனத்துக்கு முன்னால் பதிவுசெய்யும் நாட்களில், கை நிறைய வளையல் போட்ட அன்ரிமார் எல்லாரும் கடைசி வரிசைக்குப் போகவேண்டும். "கோவிக்காதேங்கோ. நீங்கள் கை தட்டினா நகைக்கடை விளம்பரம் மாதிரிக் கேக்குது" என்பார்.

கிளமெண்ட் மன்னார்க்காரன். வாரநாளில் டண்டினோங்கில் ஒரு கிடங்கில் வேலை. நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து முக்கிய வேடங்கள் எல்லாம் அவனுக்குத்தான். பதிவானதை வீட்டுக் கணினியில் வெட்டித் தொகுப்பதும் அவனே. பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றால், அவன் வாயைத் திறக்கும் முன்பே சனம் சிரிக்கும். ஞானேந்திரன் மட்டும் சிரிக்கமாட்டார். ஸ்டூடியோக் கண்ணாடிக்குப் பின்னால் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருப்பார்.

"ஒருக்காலாவது சிரியுங்கோவன் அண்ணை. பல்லுக்கு வரியே போடுறாங்கள்?"

"தயாரிப்பாளன் சிரிக்கக் கூடாது. அங்க படிச்ச பாடம். நான் சிரிச்சா நீர் எனக்கு நடிக்கத் தொடங்கிவிடுவீர். பிறகு ரேடியோவில கேக்கிற சனத்துக்கு ஆர் நடிக்கிறது?"

கிளமெண்ட் அந்த விதியை ஏற்றுக்கொண்டான். ஆனாலும் ஒவ்வொரு பகிடியின் முடிவிலும் அவன் கண் தானாகக் கண்ணாடிக்குப் போய்வரும். எல்லாருக்கும் ஒரே விதி என்பதுதான் அவனுக்கிருந்த ஒரே ஆறுதல்.

பிறகு விஷாலினி வந்தாள். பினாங்குப் பெண், இங்கே படிக்க வந்து, மருந்தகத்தில் வேலையாகித் தங்கிவிட்டவள். அவளுக்குத் தந்த முதல் வேடம், காருக்குள் வழி சொல்லும் குரல். அந்தக் குரல் ஒரு மாமியாருடையது. கார் ஓட்டும் மருமகன் கிளமெண்ட். மாமி சொன்ன திருப்பத்தை மருமகன் கவனிக்காமல் தாண்டிவிடுகிறான். குரல் நின்றுவிடுகிறது. "மாமி, ஏன் கதைக்காமல் இருக்கிறீங்கள்?" என்று கிளமெண்ட் கேட்டான். பிரதியின்படி அவள் விம்மவேண்டும். அவள் விம்மவில்லை. கொஞ்சம் பொறுத்து, மிகப் பணிவாகச் சொன்னாள்:

"பரவாயில்ல மாப்பிள்ள. நீங்க போங்க. நான் இறங்கி நடந்து வர்றேன்."

ஏதோ சொல்வதற்காக ஞானேந்திரன் அப்போதுதான் உள்ளே இருப்பவர்களோடு பேசும் பொத்தானை அமுக்கியிருந்தார். அவருடைய சிரிப்பு ஒலிபெருக்கி வழியாக ஸ்டூடியோவுக்குள் வெடித்து, மைக்கில் பதிந்தது. மூச்சு முட்டி, இருமி, மறுபடியும் சிரித்தார். கிளமெண்ட் கையிலிருந்த தாளைப் பார்த்தபடி நின்றான்.

"அண்ணை, உங்கட விதிதானே. திரும்ப எடுப்பம்" என்றான்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஓம். அது சரி. திரும்ப எடுப்பம்."

இரண்டாம் தடவை அவ்வளவு நன்றாக வரவில்லை. அதுதான் ஒலிபரப்பானது. முதல் பதிவு கிளமெண்ட்டின் கணினியில் கிடந்தது. அழிக்கவும் மனமில்லை, கேட்கவும் பொறுக்கவில்லை. கேட்ட நேரமெல்லாம், அந்த இடத்தில் தான் என்ன சொல்லியிருந்தால் அவர் இப்படிச் சிரித்திருப்பார் என்று யோசித்துப் பார்ப்பான். ஒன்றும் தோன்றாது.

செத்தவீடு முடிந்து சில நாட்களில் அருள்நாயகி போன் எடுத்தார். "தம்பி, வீடியோ எல்லாத்திலயும் கமரா பிடிச்சது இவர்தான். சத்தம் விழும் எண்டு வாயே திறக்கேல்லை, குரலைக் காணேல்லை. உங்கட பதிவுகளில எங்கையாவது அகப்பட்டிருக்காதே? முப்பத்தோராம் நாளுக்கு ஒருக்காக் கேக்கவேணும்."

"தேடிப் பாக்கிறன் அக்கா" என்றான். தேடத் தேவையில்லை, அது எங்கே கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அன்று பின்னேரமே விஷாலினியும் அழைத்தாள். "அங்கிள், அன்னைக்குச் சிரிச்சாரே, அந்த டேக் உங்ககிட்டதானே இருக்கு? அதையே ஆன்ட்டிக்குக் கொடுத்திடுங்க."

கிளமெண்ட் கணினி முன் உட்கார்ந்தான். "மாமி, ஏன் கதைக்காமல் இருக்கிறீங்கள்?" என்ற தன் குரலை அப்படியே வைத்தான். அவள் சொன்ன பதிலை வெட்டி எடுத்துவிட்டான். அடுத்து சிரிப்பு. ஒட்டிக் கேட்டபோது, ஒரு சிறு மௌனமும் பிறகு சிரிப்புமாக, பழுதில்லாமல் இருந்தது. ஞானண்ணை இருந்திருந்தால் ஒட்டு விழுந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே காட்டியிருப்பார். அக்காவுக்கு வேண்டியது குரல்தானே என்று கிளமெண்ட் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, ரோவில் வீட்டு முன்னறையில் அதைப் போட்டான். சிரிப்பு வந்ததும் அருள்நாயகி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டில தோள்தான் குலுங்கும், சத்தம் வராது. இப்பிடிச் சிரிப்பார் எண்டு எனக்குத் தெரியாது." அவர் கிளமெண்ட்டைப் பார்த்தார். "நீங்கள் கேட்டதுக்கே தம்பி இவர் இப்பிடிச் சிரிச்சவர்?"

பாயாசக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டோடு விஷாலினி கதவருகில் நின்றாள். முழுவதையும் கேட்டிருந்தாள். கிளமெண்ட் அவளைப் பார்த்தான்.

"ஆமா ஆன்ட்டி," என்றாள் விஷாலினி. "கிளமெண்ட் அங்கிள் கேட்டதுக்குத்தான்." அவன் பக்கத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அடுத்தவர்களிடம் போனாள்.

அருள்நாயகி எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொருக்காப் போடுங்கோ தம்பி."

போட்டான். அவ்வளவு காலம் அவன் காத்திருந்த அந்தச் சிரிப்பை விஷாலினி ஒரு கிண்ணம் பாயாசத்தைப்போலத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். இப்படிக் கொடுக்கவும் அவளால் முடிகிறதே என்று கிளமெண்ட்டுக்கு நெஞ்சு எரிந்தது. கையை விடுவித்துக்கொள்ளாமல், சிரிப்பு முடியும்வரை நின்றான்.