பார்மினின் இடது கை

ஒன்று கேட்டால் இரண்டாகக் கொடுக்கிற மெஷினைப் பார்த்தால் சோலோ நகரத்துப் பட்டறைக்காரர்கள், "இது பார்மின் ஆயிடுச்சு" என்பார்கள். வெல்டிங் பட்டறை பார்மினுக்கு இதில் பல வருஷமாகக் கோபம் உண்டு. அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டவள் வெனிங். நேரில் பார்த்துத் திட்டலாம் என்று போனால், அவள் சிரிக்கிற சிரிப்பில் இவனுக்கும் சிரிப்பு வந்து தொலையும்.

தொடுதிரைகளுக்குச் சத்தம் அமைப்பது வெனிங்கின் தொழில். விரல் பட்டதும் எந்த ஓசை எழுந்தால் 'சரியாகத் தொட்டோம்' என்று மனசுக்குப் படும், அதைத்தான் தேடிக்கொண்டிருப்பாள். பட்டறைக்கு வந்து இரும்புத் துண்டுகளைச் சுண்டிவிட்டுக் காதை வைப்பாள்.

"வாங்க வந்தீங்களா எம்பாக், கேக்க வந்தீங்களா?" என்பான் பார்மின்.

"கேக்கத்தான், பாக். காசா பணமா?" அவர்கள் பேச்சில் எம்பாக் என்றால் அக்கா, பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா.

அவள் தனியாக எடுத்த முதல் வேலை, இபு தர்மியின் சொத்தோ என்கிற கோழிச்சாற்றுக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் மெஷின். பெட்டி பார்மின் செய்தது. திரையில் எதைத் தொட்டாலும் வெண்கல ஓசை நீளமாக எழும்.

"இன்னைக்கு மத்தியானம் பார்ப்பேன். குளறுபடி பண்ணுச்சுன்னா தூக்கிட்டுப் போயிடணும்," என்றார் தர்மி.

பார்மின்தான் முதலில் தொட்டான். சொத்தோ, டீ, தெம்பே என்கிற சோயா வில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு கிண்ணம் கோழிச்சாறு வந்தது. இரண்டு டீ வந்தது. தெம்பேயும் இரண்டு தட்டு.

"வயித்துல யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா, பாக்?" என்றார் தர்மி. கடையே சிரித்தது. அடுத்து, பார்மின் சேர்ந்து வாசிக்கிற கம்லான் வாத்தியக் குழுக்காரர்கள் தொட்டார்கள். அவர்களுக்கும் எல்லாம் இரண்டிரண்டாக வந்தது.

"போதும். பெட்டியைக் கழட்டுங்க," என்றார் தர்மி.

"ஒரு நிமிஷம், இபு!" வெனிங் பார்மினின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாக், இன்னொரு தடவை தொடுங்க."

தொட்டான். வலது கை டீக்குப் போனதும், இடது கை தானாகப் போய்ச் சொத்தோவை அமுக்கியது.

கம்லானில் சாரோன் வாசிக்கிறவர்களின் பழக்கம் அது. வலது கை அடுத்த வெண்கலப் பட்டையைத் தட்டும்போதே, முன்னால் தட்டியதை இடது கை பிடித்து ஓசையை அடக்கிவிட வேண்டும். இல்லையென்றால் சத்தத்தின் மேல் சத்தம் ஏறிக் கூச்சலாகிவிடும். வெண்கலம் ஒலிப்பதைக் கேட்டதும் கை சும்மா இருக்குமா?

"சத்தத்தை மாத்திடுங்க, எம்பாக். தகர டப்பா மாதிரி வச்சிடுங்க," என்றான் பார்மின்.

"மாட்டேன். உங்க கை சரியாத்தான் போகுது. என் மெஷினுக்குத்தான் புரியல."

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஒலித்துக்கொண்டிருப்பதை மறுபடி தொட்டால் இனிமேல் சத்தம் மட்டும் அடங்கும், ஆர்டர் ஏறாது. இரண்டு வேண்டுமென்றால் திரையில் 'இரண்டு' என்ற எண்ணைத் தனியாகத் தொட வேண்டும்.

தர்மியே தொட்டார், அடக்கினார். இன்னொரு தடவை தொட்டார். அடக்கினார். ஒவ்வொரு தடவையும் ஒற்றைக் கிண்ணம்தான் வந்தது. "சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்றார். அதற்குள் பார்மினின் இரண்டாவது கிண்ணம் வெனிங்கின் வயிற்றுக்குள் போயிருந்தது.

அந்த மெஷினைப் பார்த்துத்தான் பாண்டுங் நகரத்தில் அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள். போன வாரம் போன் செய்தாள்.

"பாக், தர்மி கடைக்குப் போய் சொத்தோவைத் தொடுங்க. போனைப் பக்கத்துல வைங்க, நான் கேக்கணும். இடது கையை மட்டும் சட்டைப்பைக்குள்ள போட்டுக்கோங்க. சத்தம் தானா அடங்கட்டும்."