கடை மடிப்பில் இருந்த புடவை

என் பெட்டியில் இருந்த புடவைகள் கடை மடிப்பில் இருந்தன. என் துன்பம் அங்கிருந்து தொடங்கியதால் நானும் அங்கிருந்தே சொல்கிறேன்.

வீட்டில் நாம் புடவையை நீளவாக்கில் இரண்டாக்கி, உதறி, கை போன போக்கில் மடித்து வைப்போம். ஜவுளிக்கடையில் அப்படி இல்லை. முந்தி மேலே தெரிய, கரையோடு கரை சேர, நான்கு மூலையும் நறுக்கியது போல இருக்கும். என் வீட்டுக்காரருக்குப் போடி பஜாரில் ஜவுளிக்கடை. அவர் கைக்கு வேறு மாதிரி மடிக்கத் தெரியாது. நான் மடித்து வைத்த புடவை, அடுத்த முறை பெட்டியைத் திறந்தால் புதுப்புடவை போல உட்கார்ந்திருக்கும். பெண்டாட்டி மேல் எவ்வளவு பிரியம், மடித்துக்கூட வைக்கிறாரே என்று நான் பூரித்துப் போனேன். என் புத்தி அவ்வளவுதான்.

1973, மழைக்காலம். வெள்ளிக்கிழமை தோறும் மதியம் எங்கள் சபையில் பெண்கள் உபவாச ஜெபம் நடக்கும். அன்று எனக்குத் தலை சுற்றியது. பாதியிலேயே வீட்டுக்கு வந்தேன். முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்ததால் கொல்லை வழியாகப் போனேன். உள்ளறைக் கண்ணாடிக்கு முன்னால் என் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு அவர் நின்றார்.

சந்தன நிறப் பட்டு. கொசுவத்தை என்னைவிட ஒழுங்காக வைத்திருந்தார். அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கிவிட்டுத் திரும்புகிறவர்கள் முகத்தில் ஓர் அமைதி இருக்குமே, அது இருந்தது. கண்ணாடியில் என்னைக் கண்டதும் போய்விட்டது.

அவர் புடவையைக் களைந்தார். அந்த நிலையிலும் அதைக் கடை மடிப்பாக மடித்துப் பெட்டியில் வைத்தார். வேட்டி சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அதன்பின் வீட்டுக்கு வரவில்லை. பண்டிகைச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது, கடையில் காவல் படுக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். சாப்பாட்டுக் கூடை சுமக்கும் மாரியம்மா வந்து, நான் கட்டிக் கொடுக்கும் சோற்றை வாங்கிப் போவாள்.

பயந்தேன். இது பைத்தியமா, பேயா, வேறொரு பெண்ணுடைய சகவாசமா? அனுமந்தன்பட்டியில் இருக்கிற என் அண்ணன்மாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? நான் லட்சணமாக இல்லை என்பதால்தான் இப்படியோ என்று கண்ணாடியைப் பார்த்து அழுதேன். ஆனால் பயத்தைவிட ஏக்கம்தான் என்னைத் தின்றது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இந்தா, தண்ணி" என்பார். குளிக்கும்போது ஞானப்பாட்டைச் சுருதி இல்லாமல் பாடுவார். நான் கேலி செய்தால் இன்னும் சத்தமாகப் பாடுவார். அந்த ஓசை எதுவும் இல்லாமல் வீடு கிடந்தது. தினமும் சாயங்காலம் செம்பில் தண்ணீர் எடுத்து வாசற்படி அருகில் வைப்பேன். காலையில் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன். அந்தச் செடி மட்டும் நன்றாகத் தழைத்தது.

"ஆண்டவரே, அவரைப் பிடித்திருக்கிறதைத் துரத்தும்" என்று ஜெபித்தேன். எத்தனை உபவாசம் இருந்தாலும் பாரம் இறங்கவில்லை. எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சொல்ல முடியாத பாரம் என்றால், "எனக்குச் சொல்லாத விண்ணப்பம் ஒண்ணு இருக்கு" என்றால் போதும். யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். எல்லாரும் முழங்கால் போடுவார்கள். நானும் அப்படிச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும், ஜெபம் நடத்துகிற செல்வமணி அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க தெரியாமத்தான் கேக்கோம். நீயாவது என்ன கேக்கோம்னு தெரிஞ்சு கேளு தாயி. உனக்கு என்னதான் வேணும்?"

வீடு வரைக்கும் அந்தக் கேள்வி என்னோடு நடந்து வந்தது. எனக்கு என்ன வேண்டும்? வாசலில் செருப்புச் சத்தம் வேண்டும். வேறொன்றும் இல்லை. அன்று முழங்காலில் நின்று மாற்றிக் கேட்டேன். "ஆண்டவரே, அவுகளை வீட்டுக்கு அனுப்பும். எப்படி இருந்தாலும் சரி, என்கிட்ட அனுப்பும். நான் என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல, நீரே என் வாயில வச்சுவிடும்."

அடுத்த நாள் மாரியம்மாவுக்குக் காய்ச்சல். அவள் வரவில்லை. எங்கள் வழக்கத்தில் கடைக்காரர் வீட்டுப் பெண்கள் கடைக்குப் போக மாட்டார்கள். ஆனாலும் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நானே தூக்கிக்கொண்டு போனேன்.

கடையில் ஓடைப்பட்டியிலிருந்து வந்த திராட்சைத் தோட்டத்துக்காரர் குடும்பம் ஒன்று கல்யாணப் புடவை பார்த்துக்கொண்டிருந்தது. புடவையைத் தன் தோளில் போட்டு, முந்தியை விரித்துக் காட்டுவதுதான் என் வீட்டுக்காரர் விற்கிற முறை. அதைப் பார்க்கவே கூட்டம் வரும். அன்று அவர் துணிகளைப் பலகையில் எடுத்துப் போட்டுவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். கல்யாணப் பெண் எதையும் தொடவில்லை.

பெண்ணின் தாய் கேட்டார். "என்ன மொதலாளி, எப்பவும் மேல போட்டுக் காட்டுவீகளே. இன்னைக்கு இப்படிப் போட்டா புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

அவர் நிமிர்ந்தார். படியில் நான் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"போட்டுக் காட்டுங்க. நானும் பாக்கணும்" என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. சத்தியமாக அந்த வார்த்தை என்னுடையது இல்லை. அவர் என்னையே பார்த்தார். மாம்பழ நிறப் புடவை ஒன்றை எடுத்துத் தோளில் போட்டார். முந்தியை விரித்துக் காட்டினார்.

"நல்லா இருக்கு" என்றேன். கல்யாணப் பெண்ணும் தலையாட்டினாள். சோற்றைப் பலகையில் வைத்துவிட்டு நான் வந்துவிட்டேன்.

சாயங்காலம் விளக்கேற்றும் நேரம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "இந்தா" என்றார். அவர் தண்ணி என்று முடிக்கும் முன்பே செம்பை எடுத்து நீட்டினேன். ஸ்தோத்திரம்.

குடித்துவிட்டுச் சொன்னார். "சின்ன வயசுலேருந்தே இருக்கு. நானும் எத்தனையோ ஜெபம் பண்ணிப் பாத்துட்டேன், போகல. கட்டினா மனசு அடங்குது. ஏன்னு எனக்கே தெரியல."

"வேற பொம்பள யாரும்..."

"நீ ஒருத்திதான். ஒன் மொகத்தப் பாக்க வெக்கப்பட்டுத்தான் கடையில கெடந்தேன்."

இருவரும் அழுதோம். கல்யாணப் பெண் அதே ரகத்தில் வேறு நிறம் எடுத்தாளாம்; அந்த மாம்பழ நிறப் புடவையை அவருக்கென்று வைத்துக்கொண்டோம். என் கல்யாணப் புடவையைத் தொடக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அவரை உள்ளே விட்டு, யாரும் வந்து தட்டாதபடி முன்கதவை வெளியே பூட்டிவிட்டு ஜெபத்துக்குப் போவேன். திரும்பி வந்தால் அவர் எனக்குக் காபி கலந்து வைத்திருப்பார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபமும் மௌனமும் இல்லாத வீட்டில் பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தேன். குளிக்கிற இடத்தில் அதே சுருதி இல்லாத பாட்டு.

சென்ற வருடம் ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். "நான் போனப்புறம் எவளுக்காவது பிரயோசனப்படும்னா சொல்லு, பேரு மட்டும் போடாத" என்று அவரே சொல்லியிருந்தார். அதனால்தான் எழுதுகிறேன். போடியில் ஜவுளிக்கடை ஒன்றா இரண்டா, தேடிப் பாருங்கள்.

சகோதரிகளே, உங்களில் ஒருத்திக்குச் சொல்லாத விண்ணப்பம் இருக்கலாம். ஊருக்குச் சொல்ல வேண்டாம். உனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் ஆண்டவரிடம் மறைக்காதே. நான் கேட்டதை அவர் கொடுத்தார். கேட்கத் தெரியாததையும் கொடுத்தார்.

அந்த மாம்பழ நிறப் புடவை என் பெட்டியில் மேலாக இருக்கிறது. அவர் கடைசியாக மடித்தது. முந்தி மேலே, கரையோடு கரை. தொட்டுப் பார்ப்பேன், பிரிக்க மாட்டேன். பிரித்தால் அப்படி மடிக்க எனக்குத் தெரியாது.