பல்லிடுக்கில் காற்று

கென்டக்கியில் எங்கள் கார் இருக்கைத் தொழிற்சாலையின் தையல் பிரிவை இருபது வருடமாக நடத்துகிறவர் வாண்டா ஸ்டக்கி. குனிந்து தைத்தே அவருடைய ஆட்களில் மூன்று பேருக்கு முதுகு போய்விட்டது. அதனால் மேசைகளை நான்கு அங்குலம் உயர்த்தித் தரச் சொல்லிக் கூட்டத்தில் கேட்டார்.

ஜப்பானிலிருந்து வந்திருந்த மேலாளர் குவபாரா, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, "கொஞ்சம் கஷ்டம்" என்றார். மொழிபெயர்ப்பாளனான நான் அதை அப்படியே சொன்னேன்.

"கொஞ்சந்தானே? சமாளிச்சிரலாம்!" என்று வாண்டா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குவபாரா திகைத்துப்போனார்.

வெளியே வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அவர் முடியாதுன்னுட்டார்."

"எப்பப்பா சொன்னாரு? நானும் அங்கதானே இருந்தேன்!"

"காத்தை உறிஞ்சினாரே, ஜப்பான்ல அதுக்கு முடியாதுன்னுதான் அர்த்தம்."

"அட பாவி! அதை ஏன் நீ மொழிபெயர்க்கல?"

மறுநாள் வாண்டா குவபாராவைத் தையல் பிரிவுக்கு அழைத்துவந்து, "ஒரே ஒரு சீட் உறை தைச்சுப் பாருங்க, குவபாரா சான்" என்று மேசைமுன் உட்காரவைத்தார். தையல் கோணலாக ஓடியது. முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தவர், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கூட்டத்தில், மேசைகள் இப்படியே இருந்தால் போதுமா என்று குவபாரா கேட்டார். வாண்டா பல்லிடுக்கில் காற்றை நீளமாக உறிஞ்சினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் குவபாரா சிரித்துவிட்டார். திங்கட்கிழமை தச்சர்கள் வந்தார்கள்.